திங்கட்கிழமை வயிற்றுவலி: ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லாயக் கணக்கு

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் மண்பாதை ஒன்றின் முடிவில் அந்தப் பள்ளி இருக்கிறது. நான் லாய மேற்பார்வைக்குச் சேர்ந்தபோது அங்கே 14 குதிரைகள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட்கள் 6, நாட்டுக் குதிரையும் மார்வாரிக் கலப்புமாக 5, மட்டக் குதிரைகள் 3. பிள்ளைகள் முதலில் ஏறிப் பழகுவது மட்டத்தில்தான். செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலையும் மாலையும் வகுப்பு. சனி, ஞாயிறில் ஒரே குதிரைக்கு மூன்று சவாரிகூட விழும். திங்கள் விடுமுறை.

அந்த ஆண்டு பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ஐந்து முறை கால்நடை மருத்துவரை அவசரமாகக் கூப்பிட்டோம். முதலில் ராணி. 11 வயதுப் பெண் குதிரை, கிண்டியில் ஓடியவள். விடியற்காலை நாலரை மணிக்குக் கொட்டடியில் படுத்தும் எழுந்தும் தவித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பி விலாவையே பார்த்தாள், முன்காலால் மண்ணைப் பறித்தாள், லத்தி போடவில்லை. மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்துப் பெருங்குடல் வளையும் இடத்தில் கட்டியாக அடைத்திருக்கிறது என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் செருகி, தண்ணீரும் உப்பும் செலுத்தி, வலிக்கு ஊசி போட்டு, மதியத்துக்குள் நான்கு உருண்டை லத்தி விழுந்தபோது லாயத்தில் எல்லோரும் கை தட்டினோம். லத்திக்குக் கை தட்டுவது குதிரை வளர்ப்பவர்களுக்கு மட்டுமே புரியும் சந்தோஷம்.

அடுத்து ஒரு மார்வாரிக் கலப்பு, பிறகு சுல்தான், பிறகு சிட்டு என்ற மட்டம். சிட்டு பிழைக்கவில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வலி, விடியும் முன் முடித்துவிட்டது. 20 வயதைத் தாண்டிய மட்டம் அது. பள்ளியில் படித்த பாதிப் பிள்ளைகள் முதன்முதலில் உட்கார்ந்தது அதன் முதுகில்தான். உரிமையாளர் லாய வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். போர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். தண்ணீரில் குறை எதுவும் இல்லை.

சிட்டுவின் வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெருங்குடலில் ஈர மணல், சிமெண்டுக் கலவை போலப் படிந்து கிடந்தது. அள்ளிப் போட்டபோது ஒரு வாளிக்கு மேல் வந்தது.

விடை பில்லில்தான் கிடைத்தது. மருத்துவரின் ஐந்து பில்களையும் கணக்கில் ஏற்ற உட்கார்ந்தபோது, தேதிகளை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு, திங்கள் மாலைக்கும் செவ்வாய் காலைக்கும் நடுவே விழுந்திருந்தன. ஒன்று மட்டும் வியாழன். அது யாரோ ஒரு பெற்றோர் பிறந்தநாள் கேக்கை முழுசாக ஊட்டிவிட்ட கதை, அதை விட்டுவிடலாம்.

லாயத்தில் மூத்தவரான பாயிடம் சொன்னேன். 40 வருடமாகக் குதிரைகளோடு இருப்பவர். அவர் சிரிக்கக்கூட இல்லை. “திங்கக்கிழமைன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும் தம்பி. இத்தனை நாளா யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

ஒரு திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்

மறுவாரம் திங்கள் காலை 5 மணிக்கு நோட்டும் பிளாஸ்குமாக ராணியின் கொட்டடிக்கு எதிரே உட்கார்ந்தேன். செவ்வாய் காலை 5 வரை, அவள் வாய் அசையும் நேரத்தையெல்லாம் குறித்தேன். நடுவில் இரண்டு முறை தூங்கிவிட்டேன், அந்த நேரத்தில் பாய் பார்த்துக்கொண்டார்.

லாயத்தில் தானியத் தீனிக்குத் ‘தானா’ என்று பெயர். நசுக்கிய ஓட்ஸ், ஊறவைத்த கொண்டைக்கடலை, வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு எல்லாம் சேர்ந்த கலவை. காலை 5 மணிக்கு 2 கிலோ, மதியம் ஒன்றரை, மாலை 6 மணிக்கு இரண்டரை. ஆக 6 கிலோ. மூன்று வேளையும் சேர்த்து ராணி அதைத் தின்றுமுடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலை 10 மணிக்கு வர வேண்டிய பசும்புல் கட்டு, திங்கள் என்பதால் பிற்பகல் 2 மணிக்குத்தான் வந்தது. புல்காரருக்கும் அன்று அவசரம் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. இரவு 7 மணிக்கு வைக்கோல். ஒன்பதரைக்கு அதுவும் தீர்ந்தது. அதன் பிறகு விடியும்வரை தொட்டியை நக்கினாள், கதவுக் கட்டையைக் கடித்தாள், கீழே சிந்திய தவிட்டைத் தேடி மணலை உதட்டால் துழாவினாள். 24 மணி நேரத்தில் வாய் உருப்படியாக அசைந்தது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு.

மேய விட்டால் ஒரு குதிரை நாளில் 14 முதல் 16 மணி நேரம் வரை மேயும். அதன் உடம்பே அதற்கென்று அமைந்தது. மாட்டுக்கு இருப்பதுபோல் அசைபோடும் வயிறு கிடையாது. இருப்பது ஒரே இரைப்பை, அதுவும் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். நமக்கு உணவை நினைத்தாலே வாய் ஊறும். குதிரைக்கு மென்றால்தான் உமிழ்நீர் சுரக்கும், அந்த உமிழ்நீர்தான் அமிலத்தைத் தணிக்கிறது. ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன 3,000 தடவைக்கு மேல் மெல்ல வேண்டும். தானியத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதனால் தானியம் கூடி, புல், வைக்கோல் போன்ற நார்த்தீனி குறையும்போது, வயிறு நிறைந்திருந்தாலும் அமிலம் வயிற்றையே அரிக்கிறது. இரைப்பையின் மேற்பாதியில் அதைத் தாங்கும் படலமும் கிடையாது. சேணத்தின் வாரை இறுக்கும்போதெல்லாம் ராணி திரும்பிக் கடிக்க வருவாள். ‘திமிர் பிடித்தவள்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தோம். அது வயிற்றுப் புண்ணின் வலியாக இருந்திருக்கலாம் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, நார்த்தீனி எவ்வளவு போகிறது? முதலில் எடை தெரிய வேண்டும். குதிரையை நிறுக்கும் தராசு நம்மிடம் ஏது? நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறக்குறைய வந்துவிடும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ராணிக்கு நெஞ்சு 178, நீளம் 161. எடை 430 கிலோ. ஈரம் நீக்கிய கணக்கில் உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதமாவது நார்த்தீனி போக வேண்டும், 2 சதவீதம் என்றால் நல்லது. அதாவது ராணிக்குக் குறைந்தது ஆறரைக் கிலோ. நாங்கள் போட்ட நேப்பியர் புல் 10 கிலோ. பார்க்கப் பெரிய கட்டு, ஆனால் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிஞ்சுவது 2 கிலோ. வைக்கோல் 3 கிலோவில் 2.7. மொத்தம் 4.7 கிலோ. 6 கிலோ தானாவைக் கொட்டிவிட்டு, குதிரையைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

தானியத்தின் மேல் நமக்கு இருக்கும் மோகம் பழசு. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழியே உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள், வாங்கிய குதிரைகள் நிலைக்காமல் போவதற்கு அதுதான் காரணம் என்று எழுதிவைத்தார். அவர் எழுதியதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதைப் படித்தபோது எங்கள் வேகவைத்த கொள்ளு அண்டாதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தத் தீனிமுறை மற்ற ஆறு நாளும் இப்படித்தான், பிறகு ஏன் திங்கள் மட்டும்? மற்ற நாட்களில் குதிரை நடக்கிறது, ஓடுகிறது, குடலும் கூடவே அசைகிறது. ஞாயிறு மாலை மூன்றாவது சவாரி முடித்து வியர்வையோடு உள்ளே போகும் குதிரை, அதன் பிறகு செவ்வாய் காலைவரை 12-க்கு 12 அடிக் கொட்டடியை விட்டு வெளியே வருவதில்லை. அன்று பாதி ஆட்கள் லீவு. நாலு முறை நிரப்பும் வாளி இரண்டு முறைதான் நிரம்புகிறது. 15 லிட்டர் வாளியில் இரண்டு என்றால் 30 லிட்டர். மார்ச் வெயிலில், வியர்த்த குதிரைக்கு அது பற்றாது. பசும்புல் தாமதம், அந்த இடைவெளியை நிரப்புவது காய்ந்த வைக்கோல். அசைவில்லை, தண்ணீர் குறைவு, உலர்ந்த தீனி. குடல் அடைபட வேறென்ன வேண்டும்?

சுல்தானின் கதை கொஞ்சம் வேறு. செவ்வாய் காலை வகுப்பில் 15 நிமிடம் பெருநடை போனவன் அப்படியே நின்றுவிட்டான். பின்தொடைத் தசை கல்லாக இறுகி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. வயிற்றுவலி என்று நினைத்து அவனை நடக்கவைத்தோம், அது தவறு. பிறகு அவன் பெய்த மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. மருத்துவர் வந்து, இது வயிறு இல்லை, தசை சிதைந்து அதன் நிறம் மூத்திரத்தில் இறங்குகிறது, ஓர் அடிகூட நடத்தாதீர்கள் என்றார். ஓய்வு நாளிலும் முழுத் தானியத்தைத் தின்றுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகும் குதிரைக்கு இது வரும். ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் அங்கே இதைத் திங்கட்காலை நோய் என்றார்கள். எங்களுக்கு அது ஒரு நாள் தள்ளி வந்திருக்கிறது.

மணல்

லத்தியில் மணல் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் படாத ஐந்தாறு உருண்டைகளை எடுத்து, கண்ணாடி ஜாடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் மணல் அடியில் தங்கிவிடும். ஒரு தேக்கரண்டி அளவு தங்கினாலே கவனிக்க வேண்டும். 13 ஜாடிகளை வரிசையாகத் திண்ணையில் வைத்தோம். பாதிக்கு மேற்பட்டவற்றில் மணல் தெளிவாகத் தெரிந்தது. கடற்கரை ஓரம் என்பதால் கொட்டடித் தரையும் மணல், பயிற்சித் திடலும் மணல். புல்லைத் தரையில்தான் வீசுகிறோம். பசித்த குதிரை கடைசித் துரும்பையும் மணலோடு பொறுக்கித் தின்கிறது.

மருத்துவர் சொன்ன அளவில் மாதம் ஒரு வாரம் இசப்கோல் உமி கொடுக்க ஆரம்பித்தோம். அதைவிடப் பலன் தந்தது பழைய டயர்தான் என்று நினைக்கிறேன். லாரி டயருக்குள் ரப்பர் விரிப்பு போட்டு, புல்லை அதற்குள் வைத்தோம். வைக்கோலுக்கு வலைப்பை.

புல்லையே மாற்ற வேண்டியிருந்தது

மாற்றங்களைத் தொடங்கும் நேரத்தில் மருத்துவர் இன்னொன்றைச் சுட்டினார். நாலு வயதுக் கலப்புக் குட்டி ஒன்று ஒரு வாரம் முன்காலை நொண்டும், அடுத்த வாரம் பின்காலை. முகத்தில் கண்ணுக்குக் கீழே எலும்பு இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருந்தது. தினம் பார்க்கும் எங்களுக்கு அது தெரியவில்லை.

கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு அருமையான தீனி. ஆனால் அதில் ஆக்ஸலேட் அதிகம், அது புல்லில் இருக்கும் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. நெல் வைக்கோலிலும் அதே சிக்கல் உண்டு. அதற்கு மேல் நாங்கள் தினம் போட்ட கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல் சுமார் பத்து மடங்கு. குதிரைத் தீனியில் கால்சியம் பாஸ்பரஸை விடக் குறையவே கூடாது. குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தைச் சரிக்கட்டும். அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஏமாந்துபோவோம். குட்டியின் நொண்டலும் முகப் புடைப்பும் இதன் விளைவுதான். தவிடு மலத்தை இளக்கும் என்பது லாயங்களில் கல்லில் செதுக்கிய நம்பிக்கை. அதற்காகத்தான் பாய் திங்கட்கிழமைகளில் கூடுதல் தவிடு போட்டுவந்தார். தவிட்டுக்கு அந்தக் குணம் இல்லை என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. இன்னும் முழுசாக ஒப்புக்கொண்டாரா தெரியாது.

தவிட்டை நிறுத்தினோம். நேப்பியரை முழுவதும் விட முடியவில்லை, வேறு புல் அந்த அளவுக்குக் கிடைக்காது. அதோடு ஏரிக்கரையில் அறுத்துவரும் பெண்களிடம் அருகம்புல் தினம் வாங்கினோம். காய்ந்த குதிரைமசால் இரண்டு கிலோ சேர்த்தோம். பெயரிலேயே குதிரை இருக்கும் இந்தத் தீனியை விட்டுவிட்டு இத்தனை நாள் தவிட்டைக் கட்டி அழுதிருக்கிறோம். அதில் கால்சியம் தாராளம். தீவனத்துக்கான சுண்ணாம்புத் தூள் மருத்துவர் சொன்னபடி. ராணிக்கு இப்போது ஈரம் நீக்கிய கணக்கில் ஏழு கிலோவுக்கு மேல் நார்த்தீனி போகிறது. தானா, உழைக்கும் தரோபிரெட்களுக்கு 3 கிலோ, எந்த வேளையும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல். மட்டங்களுக்குத் தானியமே இல்லை. ஞாயிறு இரவு பாதி, திங்கள் மூன்றில் ஒரு பங்கு. எதையும் ஒரே நாளில் மாற்றவில்லை. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழகப் பத்து நாளாவது வேண்டும்.

இரவு ஒன்பதரைக்குக் கடைசி வலைப்பை. சவாரிக்கு அரை மணி முன்பு ஒரு கைப்பிடி குதிரைமசால். வெறும் வயிற்றில்தான் ஓட வேண்டும் என்று பந்தயப் பழக்கத்தில் வந்தவர்கள் எதிர்த்தார்கள். வேலைக்கு முன் தானியம்தான் கூடாது. கொஞ்சம் நார்த்தீனி இரைப்பையில் மிதந்தால், ஓடும்போது அமிலம் மேலே தெறிப்பதைத் தடுக்கும். இரண்டு மாதம் கழித்து ராணி, வார் இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குவதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவிழ்த்து விடுவது

கொட்டடிகளுக்குப் பின்னால் 70 சென்ட் சவுக்குத் தோப்பு சும்மா கிடந்தது. குதிரைகளை அதில் அவிழ்த்து விடலாம் என்றபோது உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்விதான்: “தினம் ரெண்டு சவாரி போகுதே, அது போதாதா?” சவாரி என்பது வேலை. இன்னொருவர் சொல்லும் வேகத்தில், இன்னொருவர் சொல்லும் பக்கம், முதுகில் பாரத்தோடு போவது. தலையைத் தாழ்த்தி, நாலடி நடந்து, நின்று, இன்னொரு குதிரையின் கழுத்தைச் சொறிந்து, புரண்டு எழுவது வேறு. இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. திங்கட்கிழமை மட்டும் பார்ப்போம் என்று அனுமதி வாங்கினேன்.

முதல் நாள் ஆறு குதிரைகளை ஒன்றாக விட்டது என் முட்டாள்தனம். பத்து நிமிடத்தில் ஓர் உதை, ஒரு மட்டத்துக்கு விலாவில் காயம். பிறகு தோப்பை மூங்கில் வைத்து மூன்றாகப் பிரித்தோம். இரண்டு நாள் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று பழகியவற்றை மட்டும் ஜோடியாக விட்டோம். யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்று பாய்க்கு முன்பே தெரிந்திருந்தது, கேட்டிருக்கலாம்.

அடுத்த அடி மூன்று வாரத்தில் விழுந்தது. ஜாடிகளை மறுபடி வைத்தபோது மணல் குறையவில்லை, கூடியிருந்தது. சவுக்கின் அடியில் புல் இல்லை. பசியோடு வெளியே விட்ட குதிரைகள் ஊசிச்சருகோடு மணலையும் அள்ளித் தின்றிருக்கின்றன. அவிழ்த்து விடுவது நல்லது என்று படித்துவிட்டு, புல் இல்லாத மணலில் விட்டால் இதுதான் நடக்கும். அன்றிலிருந்து முதலில் அரை மணி நேரம் உள்ளேயே தீனி, அப்புறம்தான் கதவு. வெளியேயும் டயர்களில் புல் தயாராக இருக்கும். இரண்டு மாதத்தில் ஜாடிகள் தெளிந்தன.

மே மாதம் பகலில் விட முடியாது. ஈரக்காற்றில் வெயிலும் சேர்ந்தால் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும், தரோபிரெட்களில் இதைக் கடலோரத்தில் பார்க்கலாம். வியர்க்காத குதிரைக்குச் சூடு இறங்க வழியில்லை. அதனால் இரவு 7 மணி முதல் காலை 5 வரை விட்டோம். தீனியில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு, கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர். கொசுத்தொல்லை உண்டு, தெருநாய்த் தொல்லை அதைவிட. காவலுக்கு ஒருவர் வேண்டியிருந்தது. மொத்த மாற்றத்திலும் உண்மையில் கூடிய செலவு இரண்டுதான்: அந்தக் காவலரின் சம்பளம், திங்கட்கிழமைக்கு ஓர் ஆளின் கூலி. புல்லுக்குக் கூடியதைத் தானியத்தில் மிஞ்சியது கிட்டத்தட்ட ஈடுகட்டிவிட்டது.

பெற்றோர் சிலர் குதிரை மண்ணாக இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். பிள்ளைகளின் கையில் பிரஷைக் கொடுத்தோம். வகுப்பின் முதல் 20 நிமிடம் தேய்ப்பது என்றானது, அதற்குப் பிறகு குறை வரவில்லை.

மே முதல் அக்டோபர் வரை ஒரு வயிற்றுவலிகூட இல்லை. குட்டியின் நொண்டல் நின்றது, முகத்துப் புடைப்பு அப்படியே இருக்கிறது, அது இனிக் குறையும் என்று மருத்துவர் நம்பிக்கை தரவில்லை. கட்டை கடிக்கும் பழக்கத்தையும் ராணி விடவில்லை. கட்டையில் தகரம் அடித்தோம், பக்கத்துக் கட்டைக்குப் போய்விட்டாள்.

தீபாவளி வாரத்தில் மாட்டிக்கொண்டோம். நான்கு நாள் விடாத மழை, தோப்பில் கணுக்கால் தண்ணீர். பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து ஒரு குதிரையையும் வெளியே விடவில்லை. புல்காரர் ஊருக்குப் போய்விட்டார், அருகம்புல் அறுப்பவர்கள் வரவில்லை. பாய் ஒருவர்தான் இருந்தார், இருந்த வைக்கோலைப் பகிர்ந்து போட்டார். ஐந்தாம் நாள் விடியலில் சுல்தான் விலாவைப் பார்க்க ஆரம்பித்தான். இந்த முறை நிஜமாகவே குடல் அடைப்பு. பிழைத்துக்கொண்டான். அன்று என்ன கிழமை என்று பார்த்தேன். வெள்ளி. பாய் நோட்டை வாங்கி, அடுத்த தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு என்று எழுதச் சொன்னார்: காய்ந்த மசால் பத்து நாளைக்கு, நீள லாயத்தின் நடைபாதையில் காலையும் மாலையும் கையில் பிடித்து நடை, தானா பாதி. கடைசியில் அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். “தவிடு வேணாம்னு போடு.”